புகைக்கு ஐந்தாவது புள்ளி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே மேற்குக் காற்று. அனல். பால்கனியில் காயப்போட்ட துப்பட்டா பறந்து பக்கத்து ஃப்ளாட் கம்பியில். தண்ணி லாரி இன்றும் வரவில்லை.

வாங்க: உளுந்து, துணி சோப்பு, கொசுவத்தி. அக்கா மகள் ஜெனிக்குக் கலர் பென்சில்.

கேளம்பாக்கம் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோ. நாலு பேர் இடத்தில் ஆறு பேர். என் மடியில் யாரோ ஒருவரின் லேப்டாப் பை. டிரைவர்: "கொஞ்சம் அட்ஜஸ் பண்ணுமா, எல்லாரும் சிறுசேரிக்குத்தான் போறீங்க, சொர்க்கத்துக்கா போறீங்க?" ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

ஆபீஸில் புது வேலை. ரா.சார் (மேனேஜர் ராகவன்) நேராக என் மேஜைக்கே வந்தார். போன மாதம் செய்யூர் பக்கம் வ.பாக்கத்தில் பழைய டயர், பிளாஸ்டிக் அடுக்கிய குடோன் ஒன்று எரிந்தது. அந்தப் புகை எவ்வளவு உயரம் ஏறியது, எந்தப் பக்கம் போனது, யார் மேல் இறங்கியது என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டுச் சொல்ல வேண்டும். குடோனை அதே இடத்தில் திரும்பக் கட்ட முதலாளி அனுமதி கேட்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில் கூட்டம். நம் ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவு. நமக்கு வேலை கொடுத்திருப்பதும் அந்த முதலாளிதான்.

"சிம்பிள் ஜாப், விமலா. புகை கடலுக்குப் போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். நீ அதைக் கலர்ல காட்டணும், அவ்ளோதான்."

வ.பாக்கம் மேரி அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். சார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தீப்பிடித்த அன்று அக்காவுக்குப் போன் பண்ணியிருந்தேன். "ஒண்ணும் இல்லடி. புகை மேலயே போய்கினு கீது. ஜெனி மாடில நின்னு வேடிக்க பாத்துகினு கீறா" என்றாள். சரி என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வேலை, வேலை. பேசவே இல்லை.

இரவுச் சாப்பாடு: பிரெட். உளுந்து வாங்க மறந்தாச்சு.


ஜூன் 5, வியாழன்

மாடல் ஓடி முடிந்தது. அழகான படம். புகைத் தூண் மேலே ஏறி, சாய்ந்து, கிழக்கே கடல் பார்த்துப் போகிறது.

ஹரிதான் புள்ளிகளை வைத்தான். என் டீம், எனக்கு ஜூனியர், நல்ல பையன். மொத்தம் நாலு: வ.பாக்கம் ஊர், அதன் பள்ளிக்கூடம், பக்கத்து டவுன், கடலோரக் குப்பம். புள்ளி வைத்த இடத்தில் ஒருத்தர் நின்றிருந்தால் அவர் மூக்குக்கு எவ்வளவு புகை வந்திருக்கும் என்று மாடல் கணக்குச் சொல்லும். புள்ளி இல்லாத இடத்தைப் பற்றி வாயே திறக்காது. மொத்த ஏரியாவுக்கும் ஓட்டினால் நேரமாகும், நாலே போதும் என்பது ரா.சார் உத்தரவு.

நாலிலும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ரா.சாருக்கு வாயெல்லாம் பல். இன்னொரு காகிதத்தையும் நீட்டினார். தீ முடிந்த பிறகு வ.பாக்கத்தில் மெடிக்கல் கேம்ப் போட்டிருக்கிறார்கள். இருமல், இளைப்பு என்று யாருமே வரவில்லையாம்.

"மாடலும் கேம்ப்பும் எப்படி ஒத்துப்போகுது பாத்தியா? இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

பஜ்ஜி வாங்கிக்கொடுத்தார். வாழைக்காய். இரண்டு தின்றேன்.

சாயங்காலம் அக்கா போன். ஜெனிக்கு இளைப்பு நிற்கவில்லை. நேற்றும் ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டி மருந்து வைத்தார்களாம்.

"எப்போலேர்ந்துக்கா?"

"தீய அணைச்சாங்களே, அதுலேர்ந்துதான். எரியறப்போ ஒண்ணும் தெரில. அணைச்ச பொறவு ஒரு வாரம் ஒரே பேஜாரு. வூட்டுக்குள்ளயே ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரில."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ இன்னா, ஊதி வுடப் போறியா?"

போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். வரைபடத்தில் ஹரியின் புள்ளி. வ.பாக்கம் என்று பெயரை அடித்திருக்கிறான், அது கோயில் குளத்தங்கரையில் போய் நின்றிருக்கிறது. அதாவது ஊரில். ஊருக்குக் கிழக்கே வயல், வயலோரம் குடோன், குடோனுக்குக் கிழக்கே காலனி. அடித்ததோ மேற்குக் காற்று. ஊருக்கு எப்படிப் புகை வரும்? எல்லாம் காலனிக்குத்தான் போயிருக்கும். காலனியில் புள்ளியே இல்லை.

ஹரியைத் திட்டலாம். அவன் காலனி என்றால் ஹவுசிங் போர்டு காலனி என்று நினைக்கிற பையன். நான் யார்? காலனியில் பிறந்தவள். அக்கா வீட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன். அந்தப் புள்ளியைப் பார்த்தேன், வ.பாக்கம்தான் என்று தலையாட்டினேன், மாடலை ஓட்டினேன், பஜ்ஜியும் தின்றேன். த்தூ.


ஜூன் 8, ஞாயிறு

கோவளம் போய் ஈசிஆரில் பாண்டி பஸ். மாமல்லபுரத்தில் கூட்டம் பிதுங்கியது. பக்கத்தில் ஒருவர் சாக்கில் சுற்றிய கல் பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டர்: "சாமிக்கு டிக்கெட் எடுத்தியா?" அவர்: "மடில குந்துனா ஃப்ரீ தானே?" கல்பாக்கம் தாண்டி இறங்கி ஷேர் ஆட்டோ.

அக்கா வாசலிலேயே நின்றாள். மாமா சவுக்கு வெட்டப் போயிருந்தார். ஜெனி இளைத்துவிட்டாள். கலர் பென்சிலை வாங்கிக்கொண்டு ஓடினாள், நாலு எட்டு ஓடியதும் நின்று மூச்சு வாங்கினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நெஞ்சுக்கூடு அப்படி ஏறி இறங்கக் கூடாது.

வீட்டுக்குள் சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி. துடைத்த இடம் மட்டும் வெள்ளை. கொசுவலையைக் காட்டினாள். வெள்ளை வலைதான், சாம்பல் நிறத்தில் தொங்குகிறது. மூன்று தடவை துவைத்தாளாம்.

"கேம்ப்புக்கு ஏன்க்கா போகல?"

"எங்க போட்டாங்க தெரிமா? ஊர் மண்டபத்துல."

"சரி, அதுக்கு?"

"அதுக்கா? சிறுசேரிக்குப் போனதும் எல்லாம் மறந்துட்டியாடி? அந்த மண்டபத்துக்குள்ள நம்ம ஆளு என்னைக்குப் போனான்? கல்யாணத்துக்கு பந்தல் போடப் போவான், எச்ச எல எடுக்கப் போவான். நெஞ்ச காட்டப் போவானா? ரெண்டு பொம்பளைங்க போச்சுங்க. வெளியவே நிக்க வெச்சுட்டாங்க. ஊராளுங்க முடியட்டும்னாங்க. முடியறதுக்குள்ள டாக்டரு கெளம்பிட்டாரு."

மாடலும் கேம்ப்பும் ஒத்துப்போனது இப்படித்தான். இரண்டுமே ஊருக்குள் நின்றுகொண்டு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் கணக்கு எடுத்திருக்கின்றன.

அக்காவிடம் புள்ளி விஷயத்தைச் சொன்னேன். நான்தான் மாடல் ஓட்டினேன் என்றும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். மீன் குழம்பை ஊற்றிவிட்டு, "தின்னு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து: "அந்த குடோனு திரும்ப வந்தா ஜெனிய எங்கடி கொண்டு போவேன்? எனக்கு வேற வூடு கீதா?"

நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். புளி அதிகம். அக்கா கைக்கு எப்போதும் புளி அதிகம்.


ஜூன் 9, திங்கள்

ஆபீஸுக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். ஐந்தாவது புள்ளி, காலனித் தெருவில், அக்கா வீட்டு வாசலில்.

இன்னொரு ஓட்டையும் அகப்பட்டது. தீ கொழுந்துவிட்டு எரிந்த முதல் நாள் சூட்டையே வாரம் முழுக்கப் போட்டிருக்கிறோம். சூடு அதிகம் இருந்தால் புகை விறுவிறு என்று ஏறி மேலோடு போய்விடும், கீழே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அக்காவும் முதல் நாள் அதைத்தான் சொன்னாள். தண்ணீர் அடித்த பிறகு கதை வேறு. டயர் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அந்தப் புகைக்கு ஏறத் தெம்பில்லை. தரையோடு தவழ்ந்து, திறந்திருக்கிற கதவில் எல்லாம் நுழையும். ராத்திரிக் காற்றும் மெல்ல மேற்கிலிருந்துதான்.

முதல் நாள் தனி, மிச்ச நாட்கள் தனி என்று பிரித்து ஓட்டினேன். கிராஃபில் நாலு புள்ளியின் கட்டையும் பழையபடி தரையில். ஐந்தாவது மட்டும் உச்சியில் போய் முட்டியது. இருக்கும் என்று தெரிந்தேதான் ஓட்டினேன்.

ரா.சார் ரூமில்:

"ஸ்கோப்ல நாலு பாயின்ட்தானே இருக்கு? அஞ்சாவது யார் கேட்டா?"

"யாரும் கேக்கல சார். ஆனா ஆளுங்க இருக்காங்க."

"வ.பாக்கம் ஏற்கெனவே லிஸ்ட்ல இருக்கும்மா."

"அது ஊர் சார். இது காலனி."

"ரெண்டும் ஒரே கிராமம்தானே?"

"காகிதத்துலதான் சார் ஒண்ணு."

நாற்காலியில் சாய்ந்தார். என்னை ஒரு பார்வை. "உனக்கு அங்க யாராவது இருக்காங்களா?"

"அக்கா இருக்கா."

"அதானே பாத்தேன். இத மொதல்லயே சொல்லியிருக்கணும். நீ இந்த ஜாப்லயே இருக்கக் கூடாது."

"சொல்லியிருக்கணும், ஒத்துக்கறேன். ஆனா என் அக்கா அங்க இருக்கான்னு காத்து திசைய மாத்திக்குமா சார்? நான் போட்ட சூடு தப்பா, காத்து தப்பா, புள்ளி தப்பா? தப்புன்னா காட்டுங்க, இப்பவே எடுத்துடறேன்."

ஐந்தாவது புள்ளியை எடு, ஃபைல் எல்லாவற்றையும் ஹரியிடம் கொடு, வெள்ளிக்கிழமை அவன் வருவான் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவினேன். அழுததற்காக என் மேலேயே கோபம்.


ஜூன் 10, செவ்வாய்

காற்று அப்படியே. தண்ணி லாரி வந்தது. இரண்டு பக்கெட் துணி.

ஹரியிடம் எல்லா ஃபைலையும் கொடுத்தேன். ஐந்தாவது புள்ளி ஓட்டியதையும் சேர்த்துத்தான். எடுக்கச் சொன்னார், எடுக்கவில்லை. அழிக்கிற வேலைக்கு வேறு ஆள் பார்க்கட்டும்.

ஹரி தயங்கித் தயங்கி: "விமலா, நான் பேரை டைப் பண்ணேன், அது காட்டின இடத்துல வெச்சேன். சத்தியமா வேற எதுவும் நெனைக்கல."

"தெரியும்."

"ஒரே ஊருக்குள்ள ரெண்டு ஊர் இருக்கும்னு யாராவது சொன்னாத்தானே தெரியும்?"

"இப்ப சொல்லிட்டேன்ல?"

"ஜாயின் பண்ணி ஆறு மாசம்கூட ஆகல. என்னால அங்க வாயத் திறக்க முடியாது. ப்ளீஸ், கோச்சுக்காதே."

கோபித்துக்கொள்ளவில்லை. அவனை நம்பவும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு லீவ் போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப வேலை'. பொய்யில்லையே.

அக்காவுக்குப் போன்: "வெள்ளிக்கிழம செங்கல்பட்டு வரணும். கூட்டம் பொதுமக்களுக்கும்தான். இன்னும் நாலு பேரக் கூட்டிகினு வா."

"வந்து இன்னா பேசறது?"

"கொசுவலையக் கொண்டா."

"அய்ய, அதப் போயா? துவைச்சு வெச்சிருக்கேன்."

"துவைச்சும் அப்படித்தானே கீது? கொண்டா."


ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். பதினோரு மணிக்குக் கூட்டம் என்றார்கள், பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தார்கள். உள்ளே ஏசி குளிர். வலப்பக்கம் குடோன் முதலாளி, வ.பாக்கம் ஊர்க்காரர்கள், ரா.சார், லேப்டாப்போடு ஹரி. இடப்பக்கம் பொதுமக்கள். நான் இடப்பக்கம், அக்கா பக்கத்தில். ரா.சார் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

விசாரித்த அதிகாரி ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு எல்லோர் பேச்சையும் உன்னிப்பாகக் கேட்டார்.

ரா.சார் பேசினார். நன்றாகவே பேசினார். புகைத் தூண், காற்று, கடல். "வ.பாக்கம் கிராமத்தில் புகை அளவு ஏறத்தாழ பூஜ்யம், மேடம். மருத்துவ முகாமும் இதை உறுதி செய்கிறது."

நான் எழுந்திருப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். "மேடம், அந்தப் பூஜ்யம் எங்க வூட்டாண்ட வந்து ஒரு நாளு படுத்துப் பாத்துச்சா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "நீங்க யாரும்மா?"

"மேரி. வ.பாக்கம் காலனி." கொசுவலையை உதறி மேஜை மேல் போட்டாள். "மூணு வாட்டி துவைச்சது மேடம். இதுக்குள்ளதான் எம் புள்ள தூங்கினா."

முதலாளி எழுந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன். "மேடம், இது பிளான் பண்ணி வந்த கும்பல். இந்தம்மாவோட தங்கச்சி இந்த ரிப்போர்ட் கம்பெனிலயே வேலை செய்யுது. தோ, பக்கத்துலயே உக்காந்திருக்கு."

எல்லாத் தலையும் என் பக்கம். எழுந்தேன்.

"ஆமா மேடம். இவ என் அக்கா. இந்த மாடல ஓட்டினதும் நான்தான். அந்த நாலு புள்ளியில ஒண்ணுகூட காலனியில இல்ல. கேம்ப் போட்டது ஊர் மண்டபத்துல, காலனி ஜனங்கள வெளிய நிக்க வெச்சாங்க. காலனிக்கும் ஒரு புள்ளி வெச்சு ஓட்டினேன். எடுக்கச் சொன்னாங்க. என்னையும் எடுத்துட்டாங்க."

ஊர்க்காரர்கள் பக்கம் சத்தம். "யாரு வெளிய நிக்க வெச்சது?" "பொய் பேசாதம்மா!" காலனிப் பெண் ஒருத்தி எழுந்து, நிறுத்தியவர் பெயரைச் சொன்னாள். அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி ரா.சாரைப் பார்த்தார். "அந்த ரன் இருக்கா?"

"அது சரிபார்க்காதது, மேடம். இந்த லேப்டாப்ல இல்ல."

"இருக்கு மேடம்" என்றான் ஹரி.

ரா.சார் பக்கம் திரும்பாமலே ஃபைலைத் திறந்தான். திரையில் அந்த கிராஃப், ஐந்து கட்டைகள். நாலு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஐந்தாவது திரையின் உச்சியில்.

"அஞ்சாவதுக்கு ஏன் பேரு இல்ல?" என்றார் அதிகாரி.

ஹரி என்னைப் பார்த்தான். வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. நான் யோசிப்பதற்குள் அக்கா: "மேரி வூடுன்னு போடு தம்பி. வந்து பாக்கறவங்களுக்கு வழி தெரியணுமில்ல?"

தட்டினான். 'மேரி வீடு.'

முடிவு: குடோனுக்கு இப்போது அனுமதி இல்லை. காலனியைச் சேர்த்து முழுசாகத் திரும்ப ஓட்ட வேண்டும். அதற்கு முன்னால் கேம்ப், காலனித் தெருவிலேயே.

வராந்தாவில் ரா.சார் என்னைத் தாண்டிப் போகும்போது: "திங்கட்கிழமை எச்.ஆர். பாத்துடு." அவ்வளவுதான். ஹரி பின்னாலேயே தலை குனிந்து போனான். போகிறபோது என் தோளில் லேசாக ஒரு தட்டு.

பஸ் ஸ்டாண்டில் அக்கா கரும்பு ஜூஸ் வாங்கிக்கொடுத்தாள்.

"வேல போயிடுமாடி?"

"போனாப் போகட்டும்."

"வாய் மட்டும் நல்லா கீது. கை ஏன் ஆடுது?"

"பயமா இருக்குக்கா. பயந்தா பேசக் கூடாதா?"

"பேசு பேசு" என்றாள். கொசுவலையை மடித்துப் பைக்குள் திணித்தாள்.


ஜூன் 14, சனி

மதியம் இரண்டு மணிக்குக் கடல் காற்று திரும்பியது. சமைக்கவில்லை, நேற்றைய இட்லி. ஜெனி ஒரு படம் வரைந்து அனுப்பியிருக்கிறாள், அக்கா போனிலிருந்து. வீடு, தென்னை மரம், பக்கத்தில் கறுப்புப் பென்சிலால் ஒரே கிறுக்கல். கறுப்பு தீர்ந்துவிட்டது, வேறு வாங்கித் தா என்று குரல் செய்தி. நடுவில் இருமல்.

நாலு மணிக்கு ரா.சார் போன். எடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். எடுத்தேன்.

ஆர்டர் வந்துவிட்டதாம். மாடலை ஏற்கெனவே ஓட்டியவரே திரும்ப ஓட்ட வேண்டும், ஊர்க்காரர் ஒருவரும் காலனிக்காரர் ஒருவரும் உடன் இருந்து பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அதனால் எச்.ஆர். பேச்சை எடுக்கவே இல்லை.

"திங்கக்கிழமை வந்து அஞ்சு பாயின்ட்டுக்கு ஓட்டிக் குடுத்துடும்மா. முடிச்சிடலாம்."

"அஞ்சு இல்ல சார்."

"பின்ன?"

"இனிமே ஊருக்கு ரெண்டு புள்ளி. ஊருக்கு ஒண்ணு, காலனிக்கு ஒண்ணு. இந்த ஜாப்ல மட்டும் இல்ல, எல்லா ஜாப்லயும். பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து ஓட்டணும்."

"விளையாடறியா? ரன் டைம் டபுள் ஆகும்."

"ஆகட்டும் சார்."

பின்னால் அவர் வீட்டு டிவி சத்தம். பிறகு, அதட்டாமல், உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டார்: "எல்லா ஊருக்குமா விமலா?"

"காலனி இல்லாத ஊரு ஒண்ணு சொல்லுங்க சார், அதுக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு வெக்கறேன்."

வாங்க: கறுப்புப் பென்சில்.